மாடுலேஷன்: எங்கெல்லாம் தவறாகப் புரிந்துகொள்கிறோம்?

இசை, பேச்சு, மின்னணுவியல் மூன்றிலும் மாடுலேஷன் உண்டு. ஆனால் ஒன்றின் விளக்கத்தை இன்னொன்றின் மேல் அப்படியே பொருத்தினால் குழப்பம்தான் மிஞ்சும்.

பாட்டு முழுவதையும் அரைச் சுருதி ஏற்றிப் பாடிவிட்டு மாடுலேஷன் என்று சொல்லாதீர்கள், அது டிரான்ஸ்போசிஷன். மேற்கத்திய இசையில், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே ஆதார சுரம் இடம் மாறுவதுதான் மாடுலேஷன். சி மேஜரில் தொடங்கியது ஜி மேஜருக்குப் போகும்போது எஃப் என்ற சுரம் எஃப் ஷார்ப் ஆகிறது. அந்த சுரம் ஒருமுறை தலைகாட்டினால் மட்டும் போதாது. ஜி-யில் வந்து நின்றால்தான் முடிந்தது என்று காது ஒப்புக்கொள்ள வேண்டும்.

பேச்சில் மாடுலேஷன் என்றால் குரல் ஏற்றஇறக்கம். பலரும் உரக்கப் பேசுவதையே அது என்று நினைக்கிறார்கள். வேகமும் இடைநிறுத்தமும் அதில் சேர்ந்தவை. எல்லா வாக்கியத்தையும் ஒரே விதமாக ஏற்றி இறக்கினால், தாலாட்டுப் போலத் தூக்கம்தான் வரும்.

அதிகத் தவறுகள் ரேடியோவில்தான். அங்கே மாடுலேஷனுக்குப் பண்பேற்றம் என்று பெயர். பண்பேற்றம் என்றால் ஒலியைப் பெருக்குவது அல்ல. ஒலியைச் சுமந்து செல்லும் ஊர்தி அலையின் ஏதாவது ஒரு பண்பை ஒலிக்கு ஏற்ப மாற்றுவது. ஏஎம்மில் வீச்சு (அலையின் உயரம்) மாறுகிறது, எஃப்எம்மில் அதிர்வெண் (நொடிக்கு எத்தனை அலைகள் என்பது) மாறுகிறது. எஃப்எம் தெளிவாகக் கேட்பதற்குக் காரணம் அதன் உயர்ந்த அலைவரிசை என்று நம்புவோர் உண்டு. விமானிகள் பேசும் 118 மெகாஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட அலைவரிசை எஃப்எம் ஒலிபரப்பின் எல்லையான 108-ஐவிட உயர்ந்தது; அங்கே இருப்பதோ ஏஎம்! மின்னல் போன்ற இடையூறுகள் பெரும்பாலும் வீச்சைத்தான் குலைக்கின்றன. எஃப்எம் ரிசீவர் வீச்சு மாற்றத்தை வெட்டி எறிந்துவிடுகிறது. போதாததற்கு, எஃப்எம் நிலையத்துக்குக் கிடைக்கும் பட்டை அகலமும், அதாவது அது பயன்படுத்தும் அதிர்வெண்களின் பரப்பும், அதிகம்.

இன்னொரு பொறி: குரலின் சுருதி உயர்ந்தால் எஃப்எம் அலை தன் மைய அதிர்வெண்ணிலிருந்து அதிகம் விலகும் என்ற எண்ணம். விலகலின் அளவைத் தீர்மானிப்பது ஒலியின் உரப்பு. சுருதி உயர்ந்தால் அந்த விலகல் நொடிக்கு அதிக முறை நிகழும், அவ்வளவே. ஒலிபரப்பில் இந்த விலகல் இருபுறமும் அதிகபட்சம் 75 கிலோஹெர்ட்ஸ். 100 மெகாஹெர்ட்ஸ் நிலையத்துக்கு அது 0.1 சதவீதம்கூட இல்லை. ஏஎம்மில் பண்பேற்ற அளவு (வீச்சு எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பது) 100 சதவீதத்தைத் தாண்டினால் ஒலி சிதையும். 'கூட்டினால் நன்றாகக் கேட்கும்' என்ற கணக்கு அங்கே செல்லாது.

இசையில் வரும் விப்ராட்டோ, டிரெமொலோ என்ற இரு நடுக்கங்களையும் குழப்பாமலிருக்க எஃப்எம், ஏஎம் என்ற இதே பாகுபாடு உதவும்: முன்னதில் சுருதி அசைகிறது, பின்னதில் ஒலியளவு. எலெக்ட்ரிக் கிட்டாரின் 'டிரெமொலோ ஆர்ம்' என்ற நெம்புகோல் உண்மையில் அசைப்பது சுருதியைத்தான். பெயர் வைத்தவர்களே சறுக்கிய இடம் அது.