மோரிப் படமும் செவ்வாய் மணலும்

மலேசியாவின் பந்திங்கில் சாயங்கால வேளையில் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அறிவியல் சொல்லிக்கொடுக்கிறேன். பள்ளிக் கண்காட்சிக்கு "காற்று போட்ட மணல் வரிகள்" என்று அட்டை செய்து எடுத்து வந்தார்கள். நடுவில் மோரிப் கடற்கரைப் படம். கடல் வற்றியிருந்தபோது எடுத்தது! அது தண்ணீர் போட்ட வரி. அலை முன்னும் பின்னும் ஆட்டிய இடத்தில் இரு பக்கச் சரிவும் ஒன்றுபோல் இருக்கும். காற்றின் வரியில் காற்று வரும் பக்கம் சாய்வு மெல்லியது, மறுபக்கம் அதைவிடச் செங்குத்து. படத்தை எடுத்துவிடச் சொன்னேன்.

அடுத்தது, "காற்று மணலைச் சீவி வரி போடுகிறது" என்ற வாக்கியம். காற்று மணல் மணியைத் துள்ள வைக்கிறது, அவ்வளவுதான். துள்ளிய மணி சாய்வாக வந்து விழுந்து, கீழே கிடப்பவற்றைச் சிதறடிக்கிறது. சின்ன மேடு ஒன்று இருந்தால் அதன் முன்பக்கம் அதிக அடி வாங்கும், பின்பக்கம் தப்பித்துக்கொள்ளும். சிதறிய மணிகள் உச்சியைத் தாண்டி அந்த மறைவில் தங்கும். வரி அப்படித்தான் எழுந்து, மெல்ல நகர்கிறது.

இதைக் காட்டக் கோதுமை மாவையும் மேசை விசிறியையும் எடுக்காதீர்கள். மாவு ஒட்டிக்கொள்ளும், கிளம்பினால் தூசியாகப் பறக்கும், துள்ளாது. ஈர மணலும் அசையாது. நம் ஊர் மழைக்கு வெயில் பார்த்து உலர்த்திச் சலிப்பதே பெரிய வேலை.

ஒரு துள்ளலின் நீளம்தான் இரு வரிகளுக்கு இடையிலான தூரம் என்று பாலைவன மணலை ஆராய்ந்த ரால்ஃப் பேக்னல்ட் 1941இல் எழுதினார். பல குறிப்புகளில் இன்னும் அதுவே ஓடுகிறது. ஆனால் வரிகள் நெருக்கமாகத் தொடங்கி, சிறியது பெரியதைப் பிடித்து ஒன்றுசேர, இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. அதற்காக வரி வளர்ந்து மணல்மேடாகும் என்று எழுதிவிடாதீர்கள், அது வேறு கதை.

அப்புறம் செவ்வாய். அங்கே காற்றின் அடர்த்தி நம்முடையதில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு. அதனால் வரியும் சின்னதாகத்தான் இருக்கும் என்று பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். 2015 இறுதியில் கேல் பள்ளத்தில், பேக்னல்ட் பெயரையே வைத்த மணல்மேடுகளுக்குக் நாசாவின் கியூரியாசிட்டி ஊர்தி போனது. நம் பாலைவனத்தில் உள்ளதுபோல் சாண் அளவு வரிகளும் இருந்தன. கூடவே மூன்று மீட்டர் வரை இடைவெளி விட்ட பெரிய வரிகளும் இருந்தன. பெரியவை எப்படி வந்தன என்பதில் இன்னும் வாதம் நடக்கிறது. அடர்த்தி குறைந்த காற்றில், நீரோட்டம் ஆற்றடியில் போடுகிற விதத்திலேயே அவை உருவாகின்றன என்பது 2016இல் வந்த ஒரு விளக்கம்.

மோரிப் படத்தின் ஓரத்தில் நீர் வடிந்தோடிய வாய்க்கால் ஒன்று தெரிகிறது. அங்கே வரிகள் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கின்றன; அவை அலை போட்டவை அல்ல, ஓடும் நீர் போட்டவை. சரி, அந்த ஓரத்தை மட்டும் வெட்டிச் செவ்வாய்க்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னேன்.