கணனி ஸ்டக் ஆகிறதா? ஃபோர்மட் அடிக்க முன் இதைச் செய்து பாருங்கள்

போன மாதம் மகள் தன்னுடைய ஐ.சி.டி. செயற்றிட்டத்தைப் பிரின்ட் எடுக்கப் பென் ட்ரைவைக் கடைக்குக் கொண்டு போனாள். திரும்பி வந்து வீட்டுக் கணனியில் செருகினால், கோப்புறைகள் எல்லாம் ஷோர்ட்கட்டாக மாறியிருந்தன. பதறிப்போய் அதில் ஒன்றை இரண்டு தரம் கிளிக் செய்தும் விட்டாள். அன்றிரவிலிருந்து கணனி ஸ்டக் ஆகத் தொடங்கியது. மவுஸ் அம்புக்குறி நகரும், வேறு எதுவும் அசையாது.

"வைரஸ்தான் அக்கா, ஃபோர்மட் அடிச்சிருவம்" என்றார் பக்கத்து வீட்டுத் தம்பி. நான் விடவில்லை. அதில் எட்டு வருடப் படங்கள் இருக்கின்றன, அம்மாவின் கடைசிப் படங்கள் உட்பட. மூன்று நாள் இருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உங்களுக்கு அந்த மூன்று நாள் தேவைப்படக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். என்னிடம் இருப்பது விண்டோஸ் 10. 11 இலும் ஏறத்தாழ இதே வழிதான்.

முதலில் இன்டர்நெட்டைத் துண்டியுங்கள், பென் ட்ரைவைக் கழற்றுங்கள். ஸ்டக் ஆகி நிற்கும்போது கேப்ஸ் லொக் விசையை அழுத்திப் பாருங்கள். லைட் எரிந்து அணைந்தால் கணனிக்கு இன்னும் உயிர் இருக்கிறது, பத்து நிமிடம் பொறுங்கள். லைட்டும் அசையவில்லை என்றால்தான் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து நிறுத்த வேண்டும். சும்மா சும்மா அப்படி நிறுத்தினால் கோப்புகள் பழுதாகும்.

திரும்பப் போட்டதும் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் டிஸ்க் என்ற நிரலைக் கவனியுங்கள். என்னுடையதில் சிபியு (கணனியின் மூளை) 6 சதவீதம், டிஸ்க் 100 சதவீதம். நான் ஒன்றுமே திறக்கவில்லை. கணனி போட்டு முதல் சில நிமிடம் 100 காட்டுவது வழமை. அரை மணித்தியாலம் கழிந்தும் இறங்காமல் நின்றால் சந்தேகப்பட வேண்டும்.

இந்த இடத்தில்தான் பலர் உடனே ஸ்கேன் போடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முழு ஸ்கேன் ஹார்ட் டிஸ்க்கின் எல்லாக் கோப்புகளையும் வாசிக்கும். டிஸ்க் ஏற்கெனவே சாகக் கிடந்தால் அந்த வாசிப்பிலேயே போய்விடலாம். அதனால் முதலில் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை வேறொரு கணனியில் இறக்கிக் கொண்டு வந்து ஓட்டுங்கள். நீலத்தில் குட் என்று வந்தால் பெரும்பாலும் பயமில்லை. எனக்கு மஞ்சளில் கோஷன் என்று வந்தது. கீழே பட்டியலில் சி5 என்ற வரியில் பூச்சியம் இருக்க வேண்டிய இடத்தில் வேறு எண் நின்றது. வாசிக்க முடியாமல் காத்துக் கிடக்கும் செக்டர்களின், அதாவது டிஸ்க்கின் சிறு துண்டுகளின், கணக்கு அது. விண்டோஸ் அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப வாசிக்க முயலும், அதுவரை நாம் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதுதான். வைரஸ் இருந்தது உண்மை, ஆனால் கணனியை நிறுத்தியது அது அல்ல.

மஞ்சளோ சிவப்போ வந்தால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க் ஒன்றுக்கு எடுங்கள். டிஸ்க்கின் பிழைகளைத் தேடித் திருத்தும் விண்டோஸின் செக்டிஸ்க்கை ஓட்டுவதும் அதற்குப் பிறகுதான்.

சரி, இனி வைரஸ். என்னை இரண்டு நாள் அலைய வைத்தது இதுதான். பென் ட்ரைவில் இருந்த ஷோர்ட்கட்டுகளை அழித்தேன், கழற்றிச் செருகினேன், திரும்ப வந்தன. மறுபடி அழித்தேன், மறுபடி வந்தன. காரணம் பென்னில் இல்லை. கணனிக்குள் ஒரு ஸ்கிரிப்ட் (சின்னக் கட்டளைக் கோப்பு) ஓடிக்கொண்டே இருந்து, செருகும் ஒவ்வொரு பென்னுக்கும் தன்னைப் பிரதி எடுத்துக்கொண்டிருந்தது. டாஸ்க் மேனேஜரில் "மைக்ரோசொஃப்ட் விண்டோஸ் பேஸ்டு ஸ்கிரிப்ட் ஹோஸ்ட்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். அது விண்டோஸின் சொந்தப் பகுதிதான், அதை அழிக்கக் கூடாது. ஆனால் நீங்கள் ஒன்றும் ஓட்டாமல் அது ஓடிக்கொண்டிருந்தால் வைரஸ் அதைப் பயன்படுத்துகிறது என்று சந்தேகிக்கலாம். ரைட் கிளிக் செய்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். பிறகு அதே டாஸ்க் மேனேஜரில், கணனி எழும்பும்போது தானாக ஓடுபவற்றைக் காட்டும் ஸ்டார்ட்அப் பக்கத்துக்குப் போய், தெரியாத பெயரில் இருக்கும் ஸ்கிரிப்ட்டை டிசேபிள் செய்யுங்கள். இதை முடித்த பிறகே பென்னைத் தொட வேண்டும்.

பென்னில் இருந்த உண்மையான கோப்புகள் எங்கும் போகவில்லை, மறைந்து கிடக்கின்றன. ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ, பிறகு ஒப்ஷன்ஸ், அதில் மறுபடி வியூ. மறைந்த கோப்புகளைக் காட்டு என்பதைத் தெரிவு செய்தால் போதும் என்று நினைத்தேன், ஒன்றும் தெரியவில்லை. அதற்குச் சற்றுக் கீழே, பாதுகாக்கப்பட்ட இயங்குதளக் கோப்புகளை மறை என்ற பொருளில் இன்னொரு பெட்டி இருக்கும். அதன் சரி அடையாளத்தையும் எடுக்க வேண்டும். விண்டோஸ் ஒரு எச்சரிக்கை கேட்கும், யெஸ் கொடுங்கள். எடுத்ததும் பென்னில் பெயரே இல்லாத ஒரு கோப்புறை மங்கலாகத் தெரிந்தது. திறந்தால் மகளின் செயற்றிட்டம் முழுதாக உள்ளே. ஆவணங்களையும் படங்களையும் மட்டும் வெளியே எடுத்து, பென்னை ஃபோர்மட் அடித்தேன். வேலை முடிந்ததும் அந்தப் பெட்டியில் திரும்பச் சரி போட மறக்க வேண்டாம்.

அடுத்து விண்டோஸோடு வரும் அன்டிவைரஸான டிஃபெண்டரின் ஒஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் பகுதி, ஸ்கேன் ஒப்ஷன்ஸ், கடைசியில் இருக்கும் ஒஃப்லைன் ஸ்கேன். கணனி தானாக ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் முழுதாக எழும்ப முன் தேடும். கால் மணித்தியாலம் அளவில் முடியும், பழைய டிஸ்க்கில் கூடுதல் நேரம் எடுக்கும். இடையில் கரண்ட் போகாத நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். அதற்குப் பிறகு வைரஸ் தேடும் இன்னொரு மென்பொருளான மல்வெயர்பைட்ஸின் இலவசப் பதிப்பை ஒருமுறை ஓட்டினால் எனக்குப் போதும். இரண்டு அன்டிவைரஸை ஒரே நேரத்தில் எப்போதும் ஓடவிட்டு வைத்திருக்காதீர்கள், அதுவும் கணனியை ஸ்டக் ஆக்கும். அன்டிவைரஸை நிறுத்தச் சொல்லும் ஆக்டிவேட்டர் (மென்பொருளைக் காசு கொடுக்காமல் திறக்கும் திருட்டுக் கருவி) எதையும் வீட்டுக்குள் எடுக்கவே வேண்டாம்.

வங்கி, மின்னஞ்சல் கடவுச்சொற்களைப் போனிலிருந்து மாற்றிவிடுங்கள். இன்னொன்று, விண்டோஸ் 10 க்கான இலவச ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிந்துவிட்டது. கணனி தாங்குமென்றால் 11 க்கு மாறுவது நல்லது.

டிஸ்க்கும் நல்லது, வைரஸும் இல்லை, இன்னும் நிற்கிறது என்றால் பெட்டியைத் திறந்து பாருங்கள், கரண்ட் வயரைக் கழற்றிய பிறகு. நாங்கள் இருக்கும் மட்டக்களப்புக் கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. உப்புக் காற்றில் ராமின் (கணனியின் தற்காலிக நினைவகப் பலகை) பொன்னிறப் பற்கள் மங்கிவிடும். கழற்றி, வெள்ளை அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூசி துடைத்துத் திரும்பப் போடுங்கள். நான் டிஸ்க்கை மாற்றி, சுழலும் தட்டு இல்லாத புது வகை டிஸ்க்கான எஸ்எஸ்டி போட்டேன், பழையதில் இருந்து எடுத்த படங்கள் எல்லாம் இப்போது இரண்டு இடத்தில் இருக்கின்றன.

பிற்சேர்க்கை: அக்கரைப்பற்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருந்தார், டெஸ்க்டொப் வரை போகவே முடியவில்லை, என்ன செய்வது என்று. லொகின் திரையில் ஷிஃப்ட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டு ரீஸ்டார்ட் கொடுங்கள். நீலத் திரையில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஒப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். பிறகு 4 ஐ அழுத்தினால் சேஃப் மோட், அதாவது அத்தியாவசியப் பகுதிகள் மட்டும் ஓடும் விண்டோஸ். அங்கேயும் ஸ்டக் ஆனால் பழுது வன்பொருளில் இருக்கலாம் என்று சந்தேகிக்கலாம். அவருக்கு அங்கே நான்கு இலக்கப் பின் வேலை செய்யவில்லை, முழுக் கடவுச்சொல்லைக் கொடுத்த பிறகே திறந்தது. அதனால் கடவுச்சொல் ஞாபகம் இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லொக்கர் போட்ட லெப்டொப் என்றால் 48 இலக்க மீட்புச் சாவியையும் கேட்கலாம். மைக்ரோசொஃப்ட் கணக்கில் லொகின் செய்து அதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு தொடங்குங்கள்.