ஏலத் தோட்டத்தில் காட்டைத் தக்கவைக்கும் முறை

போடிமெட்டுக்கும் கம்பம்மெட்டுக்கும் மேலே, இடுக்கி மாவட்டத்தின் உடும்பன்சோலை வட்டத்தில், ஏலத் தோட்டம் வைத்திருப்பவர்களில் தேனி மாவட்டத்துக்காரர்கள் பலர் உண்டு; விடியும் முன்பே ஜீப்பில் ஏறி அத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்களும் பெரும்பாலும் கம்பம், போடிப் பக்கத்து மக்கள்தான். ஏலம் வெட்டவெளிப் பயிரன்று. உயர்ந்த மரங்களின் அடியில், ஈரம் காயாத மட்கு மண்ணில் வளரும் காட்டுச் செடி. ஆகவே இங்கே மண்ணையும் ஓடையையும் தேனீயையும் காக்க நினைப்பவர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, நிழல் மரத்தின் கிளையை எப்போது, எவ்வளவு கழிப்பது என்பதையே. மற்ற வேலைகள் எல்லாம் அதற்குப் பின்னால் வருபவை.

கிளை கழிக்க ஏற்ற காலம், தென்மேற்குப் பருவமழை இறங்குவதற்குச் சற்று முன்னுள்ள மே, ஜூன் மாதங்கள். மழைக்காலத்து மூட்டத்தில் செடிக்குக் கூடுதல் வெளிச்சம் தேவைப்படும். ஜனவரி முதல் மே வரையிலான வறட்சியிலோ அதே செடிக்கு நிழல்தான் உயிர். விறகுக்காகவோ மரம் விற்ற காசுக்காகவோ மார்கழி, தை மாதங்களில் கிளையை இறக்கிவிட்டு, சித்திரை வெயிலுக்குப் பச்சை வலை வாங்கிக் கட்டுவது இரட்டைச் செலவு. 2024 கோடையில் இடுக்கியில் ஏலச்செடிகள் பெருமளவில் கருகியபோது, நிழல் குறைந்த தோட்டங்களுக்குத் தாங்கும் வழி இல்லாமல் போனது. நிழலை அளக்கக் கருவி வேண்டியதில்லை. உச்சி வேளையில் செடிகளுக்கு நடுவே நின்று தரையைப் பார்த்தால், வெயில் பொட்டுப் பொட்டாக விழுந்து, வெளிச்சமும் நிழலும் ஏறத்தாழப் பாதிப் பாதியாக இருக்க வேண்டும். பொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து தகடாகக் கிடந்தால் அந்த இடத்தில் அரிவாளை எடுக்கவே கூடாது. கழிக்கும்போதும் நுனிக்குருத்தைத் தொடாமல், தாழ்ந்த பக்கக் கிளைகளை மட்டும், மரம் ஒரு பக்கமாகச் சாயாதபடி எல்லாத் திசையிலும் சமமாக எடுக்க வேண்டும். வெட்டுவாய் பட்டை உரியாமல் சரிவாக இருந்தால் மழைநீர் தங்கி அழுகாது.

பட்டுப்போன மரத்துக்கு ஈடாக நடும்போது பலரும் சில்வர் ஓக்கையே தேடுகிறார்கள். விரைவாக வளரும், மிளகுக் கொடி ஏறும், பின்னாளில் பணமாகும் என்பதெல்லாம் உண்மைதான். ஆனால் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த அந்த ஒரே மரம் தோட்டம் முழுக்க நிறைந்துவிட்டால், பறவைக்குப் பழமும் இல்லை, எளிதில் மட்கும் சருகும் இல்லை. பலா, அயினி, சந்தன வேம்பு, வெள்ளகில், நாவல், கல்யாண முருங்கை எனப் பல உயரத்தில் நிற்கும் உள்ளூர் மரங்களைக் கலந்து நடுவதே முறை. தானாக முளைத்த காட்டுக் கன்றுகளைக் களையெடுப்பில் வெட்டிவிடாமல் குச்சி நட்டு அடையாளம் வைத்தால் நாற்றுச் செலவும் மிச்சம்.

சருகைக் கூட்டித் தீ வைக்கும் பழக்கம் இந்தச் சரிவுகளில் இருக்கவே கூடாதது. 2018 மார்ச்சில் போடிக்கு மேலே குரங்கணி மலையில் பரவிய தீ எத்தனை உயிர்களைக் கொண்டுபோனது என்பதை இப்பகுதியில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. செடியிலிருந்து களைந்த காய்ந்த தழையையும் உதிர்ந்த இலையையும் தூரைச் சுற்றி நான்கு விரல் கனத்துக்குப் பரப்பினால் கோடையில் ஈரம் நிற்கும், மழையில் மண் அரிக்காது. தூரைச் சுற்றி மட்டும் களையைக் கையால் எடுத்து, வரிசைகளுக்கு இடையில் அரிவாளால் தாழ வெட்டிவிட்டால் போதும். வேர் மண்ணைப் பிடித்திருக்கட்டும். கிளைபோசேட் களைக்கொல்லியின் விற்பனையையும் பயன்பாட்டையும் கேரள அரசு 2019இல் தடை செய்தது. கீழே கடையில் கிடைக்கிறது என்பதற்காக மலைக்கு மேலே கொண்டுபோவது குற்றம், சரிவு மண்ணுக்கும் கேடு. கனமழையாலும் தொடர்ந்த யூரியாவாலும் புளிப்பேறிய மண்ணுக்குச் சுண்ணாம்பு தேவைப்படலாம். ஆனால் மண் பரிசோதனை செய்யாமல் இடக்கூடாது. மயிலாடும்பாறையில் உள்ள இந்திய ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் பாம்பாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையமும் எட்டும் தொலைவில்தான் இருக்கின்றன.

ஓடையின் இரு கரையிலும் சில மீட்டர் அகலத்துக்குச் செடி வைக்காமல், உரமும் மருந்தும் போடாமல், இருக்கிற மரத்தையும் புதரையும் அப்படியே விட்டுவிட வேண்டும்.

மருந்தடிப்பில்தான் அதிகக் கவனம் வேண்டும். ஏலத்தின் பூ மேலே தெரிவதில்லை; தூரிலிருந்து கிளம்பித் தரையோடு படர்ந்து கிடக்கும் சரத்தில், வெள்ளை இதழில் ஊதா வரி ஓடிய சிறு பூக்கள் விடியற்காலையில் விரிகின்றன. ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் வாழ்வு. அதற்குள், பெரும்பாலும் முற்பகலில், மலைத்தேனீயோ அடுக்குத் தேனீயோ வந்து போனால்தான் காய் பிடிக்கும். காலையில் மருந்தடிப்பவர் தன் மகசூலைத் தானே குறைத்துக்கொள்கிறார். இலைப்பேனுக்கோ தண்டு துளைப்பானுக்கோ மருந்து தவிர்க்க முடியாதபோது, தேனீ திரும்பிய பிற்பகலில், காற்று வீசாத நேரம் பார்த்து, பரிந்துரைத்த அளவில் அடிக்க வேண்டும். தேதியைப் பார்த்து அடிக்காமல் பூச்சியைப் பார்த்து அடிக்க வேண்டும். காயில் தங்கும் மருந்தின் எச்ச அளவைக் காரணம் காட்டிச் சவுதி அரேபியா இந்திய ஏலக்காயைத் தடுத்ததும் உண்டு என்பதால், இது காட்டுக்கான அக்கறை மட்டுமன்று. அழுகல் நோய்க்கு, மழைக்கு முன்பே ஒரு சதவீத போர்டோ கலவை, அதாவது 100 லிட்டர் நீருக்கு ஒரு கிலோ மயில்துத்தமும் ஒரு கிலோ சுண்ணாம்பும் கலந்து தெளிப்பது பழைய முறை, இன்றும் செல்லும்.

அடுத்தது ஸ்டோர், அதாவது பச்சைக்காயை அடுப்புச் சூட்டில் உலர்த்தும் கூடம். ஒரு கிலோ உலர்ந்த காய்க்கு ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக்காயை உலர்த்த வேண்டியிருப்பதால், மலையில் விறகு போகும் பெரிய வழி இதுவே. மழைக்கால மாலைகளில் பள்ளத்தாக்கில் தேங்கும் புகையில் இதன் பங்கும் உண்டு. ஈர விறகை எரித்தால் சூட்டின் பெரும்பகுதி அந்த ஈரத்தை ஆவியாக்கவே செலவாகி, புகைதான் மிஞ்சும். ஜூனுக்கு முன் கழித்த கிளைகளைப் பிளந்து, கூரைக்கடியில் காற்றோட்டமாக அடுக்கி, அடுத்த பருவத்துக்கு எடுத்தால் குறைந்த விறகே போதும். அடுப்பின் சூட்டுக் குழாயில் ஓட்டை விழுந்திருந்தால் புகை அறைக்குள் புகுந்து காயின் மணத்தைக் கெடுக்கும். ஆண்டுக்கொரு முறையாவது குழாயைச் சுத்தம் செய்து அடைக்க வேண்டும். உரச் சாக்கையும் மருந்துப் புட்டியையும் அந்த அடுப்பில் போடுவது மன்னிக்க முடியாதது. காற்றின் நிலையை அறிய, தோட்டத்து மரப்பட்டையில் ஒட்டி வளரும் பாசிகளைப் பாருங்கள். நாம் குழம்புக்குத் தாளிக்கும் கல்பாசியின் இனம் அது. வேரின்றிக் காற்றிலிருந்தே நீரையும் சத்தையும் எடுப்பதால் கந்தகப் புகை அதற்கு ஆகாது. ஸ்டோரை ஒட்டிய மரங்களில் மட்டும் அது அருகி, தள்ளி நிற்கும் மரங்களில் செழித்திருந்தால் அடுப்பைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும்.

மரத்தை முழுதாக வெட்ட நேர்ந்தால் நிலத்தின் வகையை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். கேரளத்தில் ஏலப் பயிருக்கென ஒதுக்கப்பட்ட ஏலமலைக் காப்பு நிலத்தில் மரம் வெட்டுவது வனத்துறையின் அனுமதியோடு மட்டுமே ஆகக்கூடியது. சொந்த நிலம்தானே என்ற வாதம் அங்கே எடுபடாது. எல்லைக்கு இப்புறம், அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் 1955ஆம் ஆண்டுத் தமிழ்நாடு மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்டக் குழுவின் அனுமதி பெற வேண்டும். விண்ணப்பம் முடியும்வரை, வீட்டின்மேல் சாய்ந்த மரமாக இருந்தால் சாயும் பக்கத்துக் கனமான கிளைகளை மட்டும் இறக்கி, எதிர்ப்பக்கம் வடம் கட்டி வைக்கலாம்.