மிக்சியை அமெரிக்காவுக்கு எடுத்துச் செல்லும் முன்

வெளிநாட்டுக்குப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் கேட்பது, "நம் பிளக் அங்கே மாட்டுமா?" என்பதைத்தான். அது ஒரு சிறிய அடாப்டரில் தீர்ந்துவிடும் சிக்கல். முதலில் கேட்க வேண்டியது, அந்த நாட்டு மின்சாரம் நம் சாதனத்துக்கு ஒத்துவருமா என்பதாகும். இதற்கான விடை சாதனத்தின் அடிப்பாகத்திலோ சார்ஜரின் பின்புறத்திலோ பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். கண்ணுக்குப் புலப்படாவிட்டால் மொபைலில் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

'இன்புட்' என்ற சொல்லுக்கு அருகில் 100–240 வோல்ட், 50/60 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அந்தச் சாதனம் எந்த நாட்டிலும் வேலை செய்யும். (வோல்ட் என்பது மின்சாரத்தின் அழுத்தம், ஹெர்ட்ஸ் என்பது அது நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்ற கணக்கு.) பிளக்கின் வடிவத்தை மாற்றும் அடாப்டர் மட்டும் போதும். மொபைல், லேப்டாப், கேமரா சார்ஜர்கள் ஏறக்குறைய எல்லாமே இந்த வகைதான். வெறும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் என்று இருந்தால் அது இந்திய மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்டது. இஸ்திரிப்பெட்டி, ஹேர் டிரையர், மிக்சி, கிரைண்டர் ஆகியவை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். வோல்ட் பாதியானால் வெப்பம் பாதியாகாது, கால்வாசியாகிவிடும் என்பதால், இங்கே 1,000 வாட்டில் சுடுகிற இஸ்திரிப்பெட்டி அங்கே ஏறக்குறைய 270 வாட்டில் வெதுவெதுப்பாகக் கிடக்கும். இதில் ஆபத்தில்லை, சட்டையின் சுருக்கம்தான் போகாது. ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது. என் அக்கா நியூஜெர்சியிலிருந்து கொண்டுவந்த 700 வாட் ரைஸ் குக்கரை, அடாப்டர்தான் இருக்கிறதே என்று மதுரை வீட்டு அடுக்களையில் மாட்டினோம். இரட்டை வோல்ட்டில் அது 2,500 வாட்டுக்கு மேல் இழுக்கும் என்பது எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அரிசி கொதிப்பதற்கு முன்பே கருகிய வாசனை வந்தது. குக்கர் அதோடு சரி. அடாப்டர் முள்ளின் வடிவத்தை மட்டுமே மாற்றும், வோல்ட்டைத் தொடாது என்பதை நாங்கள் அப்படித்தான் தெரிந்துகொண்டோம்.

வோல்ட்டை மாற்ற டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். மோட்டார் கிளம்பும் நொடியில் கூடுதலாக மின்சாரம் இழுப்பதால், 750 வாட் மிக்சிக்கு 1,500 வாட் அளவிலான டிரான்ஸ்ஃபார்மராவது இருப்பது நல்லது. அது பல கிலோ எடையுள்ள இரும்புப் பெட்டி. பெட்டிக்கு 23 கிலோ என்று விமான நிறுவனம் அளந்து தரும் இடத்தில் அதற்கு இடம் கொடுப்பதைவிட, அமெரிக்காவுக்கென்றே நம் ஊர்க் கம்பெனிகள் செய்யும் மிக்சியை வாங்கிவிடலாம் என்பது என் கருத்து. பயணிகளுக்கென்று விற்கும் எடை குறைந்த கன்வெர்ட்டர்களில் பல, சூடேற்றும் சாதனங்களுக்கு மட்டுமே ஏற்றவை. அவற்றில் மோட்டாரை மாட்டக் கூடாது. கிரைண்டரில் இன்னொரு சிக்கலும் உண்டு. டிரான்ஸ்ஃபார்மர் ஹெர்ட்ஸை மாற்றாது என்பதால், 50 ஹெர்ட்ஸுக்குச் செய்த இண்டக்‌ஷன் மோட்டார் 60 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு வேகமாகச் சுற்றும். மிக்சியின் மோட்டார் வேறு வகை. அதற்கு இந்த வேறுபாடு பெரிதல்ல.

ஜப்பானில் வோல்ட் இன்னும் குறைவு, 100தான். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் டோக்கியோ ஜெர்மன் ஜெனரேட்டர்களையும் ஒசாகா அமெரிக்க ஜெனரேட்டர்களையும் வாங்கியதால், இன்றும் கிழக்குப் பகுதியில் 50 ஹெர்ட்ஸும் மேற்குப் பகுதியில் 60 ஹெர்ட்ஸும் ஓடுகின்றன.

சிங்கப்பூர், மலேசியா, துபாய், பிரிட்டன் ஆகிய இடங்களில் வோல்ட் ஏறக்குறைய நம்முடையதுதான். பிளக்குக்குத்தான் மூன்று பட்டை முள். இலங்கையில் நம் உருண்டை முள்ளும் இந்தப் பட்டை முள்ளும் இரண்டும் புழக்கத்தில் உள்ளன. பட்டை முள் சாக்கெட்டின் கீழ்த்துளைகளை ஒரு மூடி மறைத்திருக்கும். நீளமான எர்த் முள் மேல்துளைக்குள் நுழையும்போதுதான் அது திறக்கும். மேல்துளையில் பேனாவைச் செருகி மூடியைத் திறந்து, நம் இரண்டு முள் சார்ஜரைத் திணிக்கும் வித்தையை விடுதி அறைகளில் பலரும் செய்கிறார்கள். அளவு பொருந்தாத முள் தளர்ந்து நின்று சூடாகும் என்பதால் அதைத் தவிர்த்து, விடுதி வரவேற்பறையில் அடாப்டர் கேளுங்கள், பெரும்பாலும் கொடுப்பார்கள். ஐரோப்பாவின் பெரும்பகுதியில் நம் மெல்லிய இரண்டு முள் மொபைல் சார்ஜர் அப்படியே மாட்டும். லேப்டாப்பின் மூன்று முள் பிளக்குக்கு மட்டும் அடாப்டர் வேண்டும்.

அமெரிக்க சாக்கெட்டுக்குப் பக்கத்தில் சுவிட்ச் இருக்காது. பிளக்கைப் பிடுங்குவதுதான் அணைப்பது. சில அறைகளில் வாசலருகே உள்ள விளக்கு சுவிட்சே ஒரு சாக்கெட்டையும் சேர்த்து அணைக்கும். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் படுத்தவரின் மொபைல் விடியும்போது சார்ஜ் ஏறாமல் கிடப்பது இதனால்தான். குளியலறை சாக்கெட்டில் மின்சாரம் வரவில்லை என்றால் அதன் நடுவில் இருக்கும் 'ரீசெட்' பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.