சர்வீஸ் பில்லில் சந்தேகமா? நான் சரிசெய்த விதம்

வாரண்டி இருந்தும் என் காரின் ஏசி கம்ப்ரஸரை மாற்ற டீலர் மறுத்தார். "வெளியில ஸ்டீரியோ மாட்டியிருக்கீங்க, வாரண்டி போச்சு சார்." ரெண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கவுன்ட்டரில் வாதாடிப் பயனில்லை. வாரண்டி புத்தகத்தின் எந்த விதிப்படி மறுப்பு என்று மின்னஞ்சலில் கேட்டேன். தயாரிப்பு நிறுவனத்தின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் நகல். சேஸிஸ் எண், ஓடிய கிலோமீட்டர், ஜாப் கார்டு (வண்டியை சர்வீஸுக்கு விடும்போது எழுதும் வேலைச் சீட்டு) எண் மூன்றும் அதில் இருக்க வேண்டும். எழுத்தில் காரணம் சொல்ல யாரும் முன்வரவில்லை, கம்ப்ரஸர் இலவசமாக மாறியது.

பிரேக் பேட் விஷயத்தில் தந்திரம் வேறு. புதிய பேட் சுமார் 10 மி.மீ. தடிமன், 3 மி.மீ.க்குத் தேய்ந்தால் மாற்றலாம். 6 இருக்கும்போதே "முடிஞ்சுது" என்பார்கள், சிலர் மாற்றாமலே பில் போடுவார்கள். சர்வீஸுக்கு வண்டி விடும் முன், பிரேக் ஆறியிருக்கும்போது, பேட்டின் இரும்புத் தகட்டு ஓரத்தில் பெயின்ட் மார்க்கரால் ஒரு புள்ளி வையுங்கள். திரும்பி வரும்போதும் புள்ளி இருந்தால் பேட் மாறவில்லை. "பழைய பாகங்களைத் திருப்பித் தரவும்" என்று ஜாப் கார்டிலேயே எழுதச் சொல்லுங்கள். வாரண்டியில் கழற்றிய பாகம் பெரும்பாலும் நிறுவனத்துக்கே போய்விடும், அதைக் கேட்டுச் சண்டை போட வேண்டாம்.

டீலர் மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்; கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, 2 ஆண்டுக்குள் மனு போட வேண்டும்.