தொடாத கோப்புகள் டிஃப்பில் வந்தது ஏன்?

கிட் என்பது கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி. அதில் முதன்மைக் கிளையான மெயினிலிருந்து பிரித்த ஃபீச்சர் கிளையில் மாறியவை மூன்றே கோப்புகள். கோடைத் தானாகச் சோதிக்கும் சிஐ சர்வரில், வேறுபாட்டைக் காட்டும் 'கிட் டிஃப் மெயின்..ஃபீச்சர்' கட்டளை நாற்பதைக் காட்டியது. மெயினில் மற்றவர்கள் புதிதாகச் சேர்த்த வரிகளெல்லாம் இங்கே அழித்தவை போலச் சிவப்பில் நின்றன. வரிமுடிவு எழுத்து, கேஷ் எல்லாம் பார்த்தாயிற்று, பலனில்லை.

வினை இரு கிளைப் பெயர்களுக்கு நடுவே இருக்கும் புள்ளியில் இருந்தது. டிஃப்பில் இரண்டு புள்ளி, இரு கிளைகளின் நுனிகளை நேரடியாக ஒப்பிடும். மூன்று புள்ளிதான் பிரிந்த இடத்திலிருந்து ஃபீச்சரில் நடந்ததை மட்டும் தரும். கமிட்டுகளை, அதாவது பதிந்த மாற்றங்களை, பட்டியலிடும் 'கிட் லாக்'கில் கதையே வேறு: கிளைக்கு மட்டுமான கமிட்டுகளுக்கு இரண்டு புள்ளி, மூன்று போட்டால் இருபக்கமும் வரும். யார் வைத்த வழக்கமோ!

டிஃப்பில் மூன்று புள்ளி போட்டதும் 'நோ மெர்ஜ் பேஸ்' (கிளைகள் பிரிந்த பொதுக் கமிட் இல்லை) என்று நின்றது. சிஐ ஆழம் 1-இல், அதாவது கடைசிக் கமிட்டை மட்டும், குளோன் (நகல்) செய்வதால், பிரிந்த கமிட்டே அங்கு இல்லை. முதலில் முழு வரலாற்றையும் இழுக்கும் 'கிட் ஃபெட்ச் --அன்ஷாலோ', பிறகு டிஃப். மூன்று கோப்புகள் மட்டும் வந்தன. அப்பாடா.