வகுத்தலில் தொலைந்துபோகும் பூஜ்ஜியம்

வாய்ப்பாடு தெரியாமல் வரும் பிழைகளை விட்டுவிடுகிறேன், அது படித்தால் சரியாகிவிடும். வாய்ப்பாட்டைத் தலைகீழாகச் சொல்லும் பிள்ளைகளே சறுக்கும் இடங்கள் சில உண்டு. என் பழைய நோட்டில் சிவப்பு மையில் சுழித்த அதே தவறுகள், இப்போது நான் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைகளின் நோட்டிலும் வந்து நிற்கின்றன.

ஈவில் பூஜ்ஜியத்தை விடுவது

இன்றுவரை எனக்கு எரிச்சல் தருவது இதுதான். 824-ஐ 8-ஆல் வகுக்கச் சொன்னால் ஒரு பையன் 13 என்று எழுதிவிட்டு, மீதி 0 வந்துவிட்டதே, விடை சரிதான் என்று அடித்துச் சொன்னான். 8-இல் 8 ஒரு முறை, ஈவில் 1 போட்டான். 2-ஐ இறக்கினான், அதில் 8 போகாது, உடனே 4-ஐயும் இறக்கி 24 ஆக்கி மேலே 3 போட்டுவிட்டான். பெருக்கலில் பிழையில்லை, கழித்தலில் பிழையில்லை, மீதியும் 0, ஆக தப்பு நடந்த தடயமே கீழே இருக்காது. ஆனால் 800-ஐ மட்டும் 8 பேருக்குப் பிரித்தாலே ஆளுக்கு 100 வருமே, 13 எப்படி வரும்?

நடந்தது இதுதான்: 8 நூறுகளைப் பிரித்தாயிற்று, ஆளுக்கு ஒரு நூறு. 2 பத்துகளை 8 பேருக்குப் பத்தாகவே கொடுக்க முடியாது, எனவே பத்தின் இடத்தில் 0. அந்த 2 பத்துகளும் 20 ஒன்றுகளாகி, 4-உடன் சேர்ந்து 24 ஆகின்றன, ஆளுக்கு 3. விடை 103. அந்த 0-வை எழுதாவிட்டால் நூறின் இடத்தில் இருக்க வேண்டிய 1 பத்தின் இடத்துக்கு நகர்ந்துவிடுகிறது.

பிள்ளைகளை மட்டும் குறை சொல்ல முடியாது. 256 ÷ 4 போடும்போது, "2-இல் போகாது, 25-ஆக எடுத்துக்கொள்" என்று நாம்தானே பழக்குகிறோம்? அங்கே 0 எழுதினாலும் 064, அதாவது 64தான், அதனால் விட்டுவிடுகிறோம். அதே பழக்கத்தை நடுவிலும் செய்தால் கணக்கு கெடும் என்று யாரும் பிரித்துச் சொல்வதில்லை. முதல் இலக்கத்தை ஈவில் எழுதிய பிறகு, ஒவ்வொரு முறை இறக்கும்போதும் மேலே ஓர் இலக்கம் விழுந்தே ஆக வேண்டும், போகாவிட்டால் 0. கடைசி இடத்திலும் இப்படித்தான்: 960 ÷ 8 என்றால் 12 அல்ல, 120.

தொடங்கும் முன்பே விடைக்கு எத்தனை இலக்கம் வரும் என்று பார்க்கச் சொல்லுங்கள். 7014 ÷ 7 நான்கு இலக்கம் என்று தெரிந்தவன் 12 என்றோ 102 என்றோ நிறுத்த மாட்டான், 1002 வரை போவான்.

வகுக்கும் எண்ணைவிடப் பெரிய மீதி

47 ÷ 6-க்கு ஈவு 6, மீதி 11 என்றால் வேலை முடியவில்லை. ஈவு 7, மீதி 5.

மீதியைப் புள்ளிக்குப் பின்னால் ஒட்டுவது

17 ÷ 5-இல் ஈவு 3, மீதி 2. சரி, அதற்காக 3.2 ஆகிவிடாது. மீதி 2-ஐயும் 5-ஆல் வகுத்தால் 0.4, எனவே 3.4.

பூஜ்ஜியத்தால் வகுப்பது

0 ÷ 5 = 0. ஆனால் 5 ÷ 0-க்கு விடையே கிடையாது, ஏனென்றால் எந்த எண்ணை 0-ஆல் பெருக்கினாலும் 5 வராது.